சக்கரத் துணி

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தோம். அவள் பால் காய்ச்சினாள். நான் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி வழிந்ததும் நிறுத்தினேன். டீ குடித்தோம். ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். ஆறரைக்கு வீட்டைப் பூட்டினோம். ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஷெட்டுக்குப் போனதும் ஷட்டரைத் தூக்கினாள். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தாள். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். காரின் உடம்பைத் துடைக்கும் துணி மேல் தட்டுக்கு, சக்கரம் துடைக்கும் துணி கீழே வாளிக்கு.

அன்று சனிக்கிழமை. எனக்கு அலுவலகம் இல்லை. என் மனைவி உயிரோடு இருந்த கடைசி நாள் அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்திருந்து கடைசியில் எடுத்து நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. இனி அன்று நடந்தது.

ஷெட் அவளுடையது. கார் கழுவுவாள், பாலிஷ் போடுவாள், சீட் சுத்தம் செய்வாள். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், இரண்டு கார் நிற்கும் அளவு இடம். கூட வேலை செய்தவன் அவள் தம்பி. அவனை எல்லோரும் புயல் என்பார்கள். அவன் கடந்து போகிற இடத்தில் ஏதாவது ஒன்று விழும், அல்லது உடையும், அல்லது கொட்டும். இருபத்து நான்கு வயதுக்குள் மூன்று இடத்தில் வேலை பார்த்துவிட்டான். மூன்று இடத்திலும் அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய சித்தப்பா வெளியூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேஸ்திரி. உறைந்த மீன் பெட்டிகளை அடுக்குகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புயலுக்குக் குளிர் ஆகாது. மழைக்காலத்திலேயே மூச்சு இழுக்கும். அதனால் அவள் குறுக்கே விழுந்து, "என்கிட்ட விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஷெட்டில் வைத்துக்கொண்டாள். இன்னொரு புகார் வந்தால் கிடங்குதான் என்று என் மாமியார் அப்போதே சொல்லி வைத்திருந்தார்.

ஷெட்டில் ஒரு கறுப்புக் கார் நின்றது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருடையது. அக்காவுக்கும் தம்பிக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். முந்தின நாள் மாலை கழுவித் துடைத்து வைத்தது. நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவள் காருக்குப் போர்த்தியிருந்த துணியை உருவினாள். வெளிச்சம் பானெட்டில் சாய்வாக விழுந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"என்னங்க, அந்த டார்ச்சைக் கொண்டாங்க."

அடித்தேன். பானெட் முழுக்கக் கீறல். வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி, மெல்லிசாக, எண்ண முடியாமல். கறுப்பு வண்டியில் ஒரு கீறல் பத்தாகத் தெரியும்.

"டேய் புயல்."

அவன் பின்பக்கக் குழாயிலிருந்து வாளியோடு வந்தான். பாதித் தண்ணீர் வழியிலேயே போயிருந்தது.

"நேத்து இதை எந்தத் துணியில துடைச்ச?"

"மேல் தட்டுல இருந்ததுதான்கா."

அவள் மேல் தட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். என்னிடம் கொடுத்தாள். மணல் நறநறத்தது.

"இது சக்கரத் துணிடா. முடிச்சு எங்க?"

வாங்கும்போது ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. முப்பது தடவை அலசியபின் இரண்டும் ஒரே அழுக்குச் சாயத்துக்கு வந்துவிடும். அதனால் சக்கரத் துணியின் மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பது அவள் கண்டுபிடித்த வழி. முடிச்சு இருந்தால் சக்கரம், இல்லாவிட்டால் உடம்பு. அந்த ஷெட்டுக்கு அவ்வளவுதான் சட்டம்.

"அவிழ்த்துட்டேன்கா."

"எதுக்குடா?"

"முடிச்சுக்குள்ள ஈரம் நிக்குது. காயவே மாட்டேங்குது. நாத்தம் வேற. நல்லாக் காயட்டுமேன்னு முந்தாநாள் நாலஞ்சு முடிச்சை அவிழ்த்துக் கொடியில போட்டேன். காஞ்சதும் திருப்பிப் போட்டுக்கலாம்னு..."

"போட்டியா?"

"மறந்துட்டேன்."

அவள் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புயல் வாளியைக் கீழே வைத்தான். அதிலும் கொஞ்சம் கொட்டியது.

இந்த நேரம் பார்த்து மாமியார், வழக்கம்போலக் காலையிலேயே, மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்.

"என்னடி, மூணு பேரும் பரீட்சைத் தாளைக் குடுத்துட்டு முழிக்கிற மாதிரி முழிக்கிறீங்க?"

அவரே பானெட்டைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"அந்த டீச்சரம்மா கண்ணு என்ன கண்ணுன்னு தெரியும்ல. வரைபடத்துல பென்சில் மொட்டையா இருந்தாலே அரை மார்க்கைக் கழிக்கிற பொம்பளை."

"தெரியும்மா."

"சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க சித்தப்பா போன் பண்ணுவாரு. பையனை அனுப்பறேன்னு சொல்லிடப் போறேன். பொறுத்தது போதும்."

"எனக்கு மீன் வாடையே ஆகாதும்மா" என்றான் புயல்.

"அந்தக் குளிர்ல மூக்கு மரத்துப் போயிடும். வாடை தெரியாது."

"அம்மா, நாலு மணி வரைக்கும் சும்மா இரு" என்றாள் அவள். எழுந்துவிட்டாள். அவள் எழுந்த விதத்திலேயே ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது. "டேய், போன மாசம் அந்தக் கம்பெனிக்காரர் ஒரு சாம்பிள் பாலிஷ் குடுத்துட்டுப் போனாரே, அது எங்க?"

"மேல, கிரீஸ் டப்பாவுக்குப் பின்னாடி."

"எடு. புது மெஷினையும் பிரி."

பாலிஷ் தேய்க்கிற அந்த மெஷின் மூன்று வாரமாகப் பெட்டியிலேயே இருந்தது. ஓய்வான நாளில் பழைய கதவு ஒன்றை வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள். பழைய மெஷின் ஒரே அச்சில் நின்று சுற்றுவது. ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் பெயிண்டைச் சுட்டுவிடும். போன வருஷம் அதில்தான் புயல் ஒரு கதவு விளிம்பைப் பொசுக்கினான். புதியது சுற்றிக்கொண்டே ஆடும். சுடாது என்று அட்டையில் போட்டிருந்தது.

"சாதா பாலிஷைப் போட்டா என்ன?" என்று நான் கேட்டேன்.

"அதுல பாதி எண்ணெய்ங்க. கீறலை ரொப்பி மூடிடும். பாத்தா பளபளன்னு இருக்கும். ரெண்டு தடவை கழுவினா எல்லாம் திரும்பி வந்து நிக்கும். அது வேலை இல்ல, திருட்டு." டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் படித்தாள். "இதுல எண்ணெய் இல்லையாம். நெஜமாவே வெட்டி எடுக்குமாம்."

"எல்லாக் கம்பெனிக்காரனும் அதைத்தான் சொல்றான்" என்றார் மாமியார்.

"பொய்யா நெஜமான்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

அவள் குரல் மாறியிருந்தது. எனக்கு அந்தக் குரல் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு, இந்த ஷெட்டை முதன்முதலில் காட்ட என்னைக் கூட்டி வந்தபோது அதே குரலில்தான் பேசினாள். அன்று இங்கே உடைந்த கூரையும் எலியும்தான் இருந்தன.

மெஷினின் அடித்தட்டில், ஓரத்தில், மார்க்கர் பேனாவால் வெள்ளையாக ஒரு கோடு போட்டாள். தட்டின் அடிப்பக்கத்தில் ஸ்பாஞ்சு வட்டை ஒட்டினாள்.

"கோடு எதுக்குக்கா?"

"மெஷின் ஒழுங்காச் சுத்தறப்ப இந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. கோடு தெரிஞ்சா நீ போட்டு அழுத்தறன்னு அர்த்தம். அப்ப அது சும்மா ஆடிக்கிட்டு நிக்கும், ஒரு வேலையும் செய்யாது."

"உன்னை மாதிரி" என்றார் மாமியார் மகனிடம்.

பானெட்டை மறுபடி கழுவினாள். இந்த முறை அவளே. களிமண் போன்ற ஒரு கட்டியால் தடவி ஒட்டியிருந்த தூசியை எடுத்தாள். விளிம்புகளுக்கு நீல டேப் ஒட்டினாள். நடுவில், இரண்டு கை அகலத்துக்கு ஒரு சதுரம், அதற்கும் டேப். ஸ்பாஞ்சில் பட்டாணி அளவில் நாலு பொட்டு வைத்தாள். மெஷினை ஓடவிடாமலே பானெட்டில் நாலு இடத்தில் ஒற்றினாள்.

"ஆபீசர், நீங்க டார்ச். சாய்ச்சுப் பிடிக்கணும். நேரா அடிச்சா எல்லாமே அழகாத்தான் தெரியும். வாட்சையும் பாருங்க. ஒரு நிமிஷம் ஆனா சொல்லுங்க."

கோபத்திலும் சந்தோஷத்திலும் என்னை ஆபீசர் என்பாள். நான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.

மெஷின் பிடித்துக்கொண்டது. பழைய மெஷின் ஓலமிடும். இது உள்ளுக்குள் முனகியது. மெதுவான வேகத்தில் பாலிஷைப் பரப்பினாள். வேகத்தைக் கூட்டினாள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், மறுபடி இடமிருந்து வலம். ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மிதித்துக்கொண்டு போனது. வெள்ளைப் படலம் மெலிந்து, பால் தெளிந்து தண்ணீரானது போல ஆனது.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

"இன்னொன்னு."

மாமியார் தூக்கை இறக்கி வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

மெஷினை நிறுத்தினாள். புதுத் துணியால் துடைத்தாள். நான் டார்ச்சைக் கிட்டத்தில் கொண்டுபோனேன். சதுரத்துக்கு வெளியே சிலந்தி வலை. உள்ளே கறுப்பு. கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி ஆழமான கறுப்பு. அதற்குள் தகரக் கூரையின் ஆணிகளை எண்ண முடிந்தது.

"ஏ, அக்கா" என்றான் புயல்.

"வாயை மூடு. இன்னும் முடியல. ஸ்பிரிட்டை எடு."

பாலிஷ் கீறலை வெறுமனே மூடி மறைத்திருந்தால் ஸ்பிரிட் அந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். அடியில் உள்ளது மேலே வரும். அவள் தெளித்தாள். துடைத்தாள். இன்னொரு முறை தெளித்தாள். ஈரம் ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வந்தது. புயல் கண்ணை மூடிக்கொண்டான். கடைசி ஈரப் பொட்டு காய்ந்தது.

"டேய், கண்ணைத் திற."

"திரும்பி வந்துடுச்சாக்கா?"

"வரலடா. போயே போச்சு."

அவன் குதித்தான். வாளி உருண்டது. மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் ஷெட்டில் ஓடியது.

"புயல் கரையைக் கடந்துடுச்சு" என்றார் மாமியார். சிரிக்கக் கூடாது என்று நினைத்து, சிரித்துவிட்டார். அப்போதுதான் தூக்கைக் கீழே வைத்தார்.

பானெட்டை டேப்பால் எட்டுக் கட்டமாகப் பிரித்தாள். ஒன்று. இரண்டு. ஒவ்வொன்று முடிந்ததும் ஸ்பிரிட். ஒவ்வொரு முறையும் அந்த நிமிஷம். ஒவ்வொரு முறையும் வரவில்லை. நான்கூட டார்ச்சைக் கை மாற்றாமல் பிடித்திருந்தேன். எனக்கு மெஷினைப் பற்றியோ பெயிண்டைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. ஆனால் மூன்றாவது கட்டத்தில் நான் அவளுக்கு முன்பே "வரல, வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்குக் கூரை கொதிக்கத் தொடங்கியது. நாலாவது கட்டத்தில் பாலிஷ் தெளியாமல் மாவாக உதிர்ந்தது. அவள் மெஷினை நிறுத்தி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையைப் பானெட்டில் வைத்தாள்.

"சுடுது. இதுல போட்டா கெட்டுப் போயிடும்."

"வெளிய மரத்தடிக்குத் தள்ளலாமா?" என்றேன்.

"மரத்துல காக்கா இருக்குங்க."

புயல் பின்பக்கம் போனான். கால் மிதியடிக்கு வைத்திருந்த சாக்குகளை எல்லாம் நனைத்து அள்ளிக்கொண்டு வந்தான். ஏணியைச் சாத்தினான்.

"டேய், விழுந்து வைக்காதே" என்று மாமியார் கத்தினார்.

"விழுந்தா கிடங்குக்கு அனுப்ப முடியாதும்மா. நல்லதுதானே."

நான் ஏணியைப் பிடித்தேன். அவன் கூரைமேல் தவழ்ந்து சாக்கை விரித்தான். குழாயைக் கேட்டான், கொடுத்தேன். தகரம் சீறியது. ஆவி எழுந்து இறங்கியது. இருபது நிமிஷத்தில் அவள் மறுபடி புறங்கையை வைத்தாள்.

"ஜுரம் விட்டுடுச்சு" என்றாள்.

அவன் இறங்கியபோது முழங்கை இரண்டும் சிவந்திருந்தன. எதுவும் விழவில்லை. எதுவும் உடையவில்லை. அதை அவள் கவனித்தாள். நான் அவளைக் கவனித்தேன்.

நின்றபடியே சாப்பிட்டோம். மாமியார் பிசைந்து உருட்டிக் கொடுத்தார். அவள் மெஷினைக் கீழே வைக்காமல் வாயை மட்டும் திறந்தாள்.

ஐந்தாவது கட்டம் முடிந்ததும் அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வருஷக்கணக்காகக் கையாலேயே தேய்த்த வலி அது. விரல் மடங்கவில்லை. மணி ஒன்றே கால். மூன்று கட்டம் பாக்கி.

"நான் பண்றேன்" என்றேன்.

"டார்ச்சைப் பிடிக்கவே உங்களுக்கு ஒரு டிகிரி தேவைப்படுது. சும்மா இருங்க." மெஷினைத் தம்பி பக்கம் நீட்டினாள். "இந்தா."

அவன் வாங்கவில்லை.

"அவன் கையில குடுக்காதடி" என்றார் மாமியார். "அஞ்சு கட்டமும் பாழாப் போயிடும்."

"குடுக்காம எங்கம்மா போறது? பிடிடா."

பிடித்தான். பொட்டு வைத்தான். ஓடவிட்டான். பழைய பழக்கம், தோளைப் போட்டு அழுத்தினான். மெஷினின் முனகல் கனத்தது. தட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்த்து, நின்றுவிட்டது.

"கோடு தெரியுது" என்றேன்.

"கோடு தெரியுதுடா" என்றாள்.

"ஐயோ, கோடு தெரியுது" என்றார் மாமியார்.

"மூணு பேரும் ஒண்ணாக் கத்தினா எப்படி?"

"பூனையைத் தடவற மாதிரி தடவுடா. மெஷினோட வெயிட்டே போதும். நீ வழி மட்டும் காட்டு."

தோளை இறக்கினான். கோடு நடுங்கியது. மங்கியது. காணாமல் போனது. சத்தம் பழைய முனகலுக்குத் திரும்பியது. இடமிருந்து வலம். மேலிருந்து கீழ். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் போட்டான். அவளே துடைத்தாள். அவளே ஸ்பிரிட் தெளித்தாள். ஈரம் காய்ந்தது.

வரவில்லை.

"எது நான் போட்டது, எது நீ போட்டதுன்னு தெரியலைக்கா."

"தெரியக் கூடாதுடா. அதான் வேலை."

மாமியார் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். வீட்டில் வேலை கிடக்கிறது என்றார். வாசலில் நின்று சொன்னார். "நீங்க நல்லாருக்குன்னு சொன்னா எனக்குக் கணக்கில்ல. அந்த டீச்சரம்மா வாயால வரட்டும். வந்துட்டா ஆறு மணிக்கு நான் போனைத் தொடவே மாட்டேன்."

மூன்று மணிக்கு மேகம் கூடிக் காற்று குளிர்ந்தது. மூன்றரைக்கு எட்டாவது கட்டமும் முடிந்தது. டேப்பை உரித்தோம். பானெட்டில் வாசல், மேகம், மூன்று தலைகள், எல்லாம் தெரிந்தன. அவள் தன் முகத்தைப் பார்த்து மூக்கில் ஒட்டியிருந்த பாலிஷைத் துடைத்தாள்.

டீச்சர் சரியாக நாலு மணிக்குக் குடையோடு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"டீச்சர், நேத்து எங்க துணியில மணல் இருந்துருக்கு. பானெட் பூராக் கீறிட்டோம். இன்னைக்கு எடுத்துட்டோம். நீங்க பாத்துச் சொல்லுங்க."

நான் அதிர்ந்து போனேன். யாருக்கும் தெரியாத ஒன்று. புயல் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

டீச்சர் கண்ணாடியை மாற்றினார். பானெட்டை ஒரு சுற்று வந்தார். குனிந்தார். என் கையிலிருந்த டார்ச்சைக் கேட்டு வாங்கினார். சாய்த்து அடித்தார். அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"எங்க இருந்தது?"

"முழுக்க, டீச்சர்."

"யார் கீறினது?"

"நான் டீச்சர்" என்றான் புயல்.

"இங்க வா. எங்க கீறினேன்னு காட்டு."

அவன் வந்தான். விரலை நீட்டிக்கொண்டு பானெட்டைத் தேடினான். மூலையில் தேடினான். நடுவில் தேடினான். அவன் தேடத் தேட அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காணோம் டீச்சர்."

"எடுத்தது யாரு?"

"அக்கா அஞ்சு. நான் மூணு."

டீச்சர் டார்ச்சை அணைத்தார். "உனக்குக் கணக்குல முப்பத்திநாலு போட்டேன் இல்ல?"

"ஆமா டீச்சர். முப்பத்தஞ்சு பாஸ்."

"அந்த ஒரு மார்க்கைப் போட்டிருக்கலாம்னு இப்பத் தோணுது." கதவைத் திறந்தார், உள்ளே உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்கு. இதைப் பாத்தப்புறம் கதவெல்லாம் கிழவி மாதிரி தெரியுது. புதன்கிழமை கொண்டுவரேன். கதவு நாலையும் பண்ணிடுங்க."

கார் தெருமுனை திரும்பும் வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பானெட்டின்மேல் மேகம் ஓடியது. பிறகு அவள் தம்பியின் முதுகில் ஓங்கி அறைந்தாள். அவனுக்கு இருமல் வந்தது. அவள் ஷெட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தாள். டப்பாவின் மூடியைத் திறந்து மிச்சமிருந்த பாலிஷைப் பார்த்தாள். கம்பெனிக்காரரின் நம்பர் எங்கே என்றாள். நாலு கதவுக்கு எத்தனை டப்பா ஆகும் என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

ஐந்தரைக்குக் கை கழுவிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"அத்தைக்குப் போன்லயே சொல்லிடேன்" என்றேன்.

"போன்ல சொன்னா அம்மா நம்பாது. மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். ஆறு மணிக்குள்ள போயிடுவேன்."

அவள் போய்ச் சேரவில்லை. பாலத்துக்கு முந்தின திருப்பத்தில் ஒரு லாரி. ஆறு மணிக்குச் சித்தப்பா போன் செய்தபோது மாமியார் எடுக்கவில்லை. எடுக்கும் நிலையில் இல்லை.

பதினோரு மாதம் ஆகிறது. ஷெட்டைப் புயல் பார்த்துக்கொள்கிறான். டீச்சர் கார் இரண்டு முறை வந்துவிட்டது. அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று யாராவது கேட்டால் மாமியார், "தம்பியைக் கைவிட்டுடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா" என்கிறார். கேட்கிறவர்கள் அழுகிறார்கள். புயலும் அதை நம்பத் தொடங்கிவிட்டான். நான் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அவள் கிளம்பும்போது வாசலில் இருந்தது அவனும் நானும்தான். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

ஹெல்மெட் போட்டாள். வண்டியைக் கிளப்பினாள். நாலடி போய் நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னாலிருந்த கொடியைப் பார்த்தாள்.

"டேய், சக்கரத் துணிக்கு முடிச்சைப் போட்டுட்டுக் காயப் போடு. ரெண்டு முடிச்சாப் போடு, ஒண்ணு அவுந்துடும்."